பெரிய வண்டியின் பதினோரு மரத்துண்டுகள்

திண்டிவனம்
12.2.2006, ஞாயிறு

அன்பு மகன் அந்தோணி பிரபுவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் அப்பாவும் நானும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், நீயும் மெர்லினும் மஸ்கட்டில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று இன்று காலைப் பூசையில் உங்கள் இரண்டு பேர் பேரையும் சொல்லித்தான் வேண்டிக்கொண்டேன். மெர்லினுக்கு இருமல் நின்றதா, ஏசிக்கு நேராகத் தலை வைத்துப் படுக்க வேண்டாம் என்று சொல். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் பண்ணுகிறோமே, பிறகு எதற்கு இந்த அம்மா கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் இருப்பது அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே பேச எனக்கு வாய் வருவதில்லை. அதுவுமில்லாமல் உன்னிடம் நான் ஒன்றை மறைத்துக்கொண்டிருக்கிறேன். போன இரண்டு வாரமும் நீ கேட்டாய், புரோக்கர் ராஜாமணி வண்டியை எடுத்துப்போய்விட்டாரா என்று. இரண்டு தடவையும் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். பால் ஒன்றும் வைக்கவில்லை. பெரிய வண்டியை நாங்கள் விற்கவில்லை பிரபு. முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், கோபப்படுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

போன மே மாதம் அப்பாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டபோது நீ லீவு போட்டு வந்து இருபது நாள் கூடவே இருந்தாய். நீ இருந்தவரை பேச முயற்சியாவது செய்தார். நீ விமானம் ஏறின பிறகு அதையும் விட்டுவிட்டார். வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கையால் அமுக்கிப் பழகச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்தை இடது கையால் எடுத்து எதிர்வீட்டுக் கூரைமேல் வீசிவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மல்லாட்டை எண்ணெய் மில் முதலாளி விருத்தாசலம் ஐயாவுக்கு இருபத்தாறு வருஷம் அந்த இங்கிலீஷ் காரை ஓட்டினவர், முதலாளி போனபிறகு அவர் பெண்கள் அதை இவருக்கே கொடுத்ததும், மயிலம், விழுப்புரம் என்று எத்தனை கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண்ணை உட்காரவைத்து ஓட்டினவர். அந்த வண்டி வேப்பமரத்தடியில் நிற்க, இவர் நாற்காலியை அதற்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால்தான் நீ வண்டியை விற்றுவிடலாம், கண்ணில் படாமல் இருந்தாலே மனசு ஆறும் என்றாய். எனக்கும் அப்போது அதுதான் சரி என்று பட்டது. அவரைக் கேட்டதற்கு அதற்கும் தலையாட்டினார். நீ உன் சிநேகிதன் மூலமாகப் புதுச்சேரியில் பழைய வண்டிகள் வாங்கும் பெரியவரைப் பிடித்தாய், அவருக்காக புரோக்கர் ராஜாமணி ஆகஸ்டில் வந்து பார்த்தார். எஞ்சின் நன்றாக இருக்கிறது, வெளியே பெயிண்டும் பரவாயில்லை, உள்ளே இருக்கிற மரம்தான் செத்துப்போய்விட்டது என்றார். நானும் கதவைத் திறந்து பார்த்தேன். அந்த வண்டிக்கு முன்பக்கம் மீட்டர்கள் இருக்கிற பலகை, அதற்குப் பக்கத்தில் சில்லறைச் சாமான் வைக்கிற அறையின் மூடி, நாலு கதவின் மேல்விளிம்பு எல்லாம் மரம் அல்லவா, வெயில் பட்டுப் பட்டு மேலே இருந்த வார்னிஷ் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து, அடியில் மரம் வெளுத்துப் போயிருந்தது. ராஜாமணி, "பார்ட்டி ரொம்ப ரசனை புடிச்ச ஆளு டீச்சரம்மா, இத்த பாத்தா திரும்பிக்கூட பாக்க மாட்டாரு, ஜல்தியா சரி பண்ணி வைங்க, அவரு பொங்கலுக்கு அப்புறம் வர்றாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நம் தெரு ஆசாரியை அழைத்துக் காட்டினேன். அவர் எல்லாவற்றின்மேலும் மைக்கா ஷீட் ஒட்டிவிடலாம், ஒரே நாள் வேலை என்றார். ஓட்டல் மேசைக்கு ஒட்டுவதுபோல் அந்த வண்டிக்குள் மைக்கா ஒட்ட எனக்கு மனசு வரவில்லை. முப்பது வருஷம் கான்வென்ட் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த கை இது, இந்தக் கையால் முடியாத நுணுக்க வேலையா என்று ஒரு வீம்பு. விழுப்புரம் ரோட்டில் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் கண்ணையன் இருக்கிறாரே, அவர் ஷெட்டுக்குப் போய், என்ன வாங்கவேண்டும் எப்படிச் செய்யவேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "மேல இருக்கறது அசல் மரம்தான் டீச்சர், ஆனா அப்பளம் கனம்தான். அதுக்குக் கீழ வெறும் பலகை. உப்புத்தாள வெச்சி அழுத்தித் தேய்ச்சிக்கினே இருந்தீங்கன்னா அப்பளம் போயிடும், அப்புறம் நான் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். சரி என்று வந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வண்டிக்குள் மல்லாந்து படுத்து, மறைவில் இருந்த ஸ்க்ரூக்களைத் தேடித் தேடிக் கழற்றினேன். மொத்தம் பதினோரு துண்டு. தைக்க வெட்டின துணிக்குப் போடுவதுபோல ஒவ்வொன்றின் பின்பக்கமும் சாக்பீஸால் எது எந்தப் பக்கம் என்று எழுதி, அதனதன் ஸ்க்ரூவை அதனதன் பொட்டலத்தில் கட்டினேன். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பழைய வார்னிஷை எடுக்க ஒரு கெட்டியான மருந்து இருக்கிறது. பிரஷ்ஷால் தடவிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டால் வார்னிஷ் கொப்புளம் கொப்புளமாக எழும்பி வரும், அதை மழுங்கின பிளாஸ்டிக் ஸ்கேலால் வழித்துவிடவேண்டும். கைக்கு உறை போட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு வெட்டவெளியில்தான் செய்தேன், நீ பயப்படாதே. வழித்து முடித்து தின்னர் போட்டுத் துடைத்தபோது உள்ளே இருந்த மரத்தைப் பார்க்கவேண்டும் பிரபு, தேன் நிறத்தில், நதியை மேலிருந்து பார்த்தால் தெரிவதுபோல வளைந்து வளைந்து கோடுகள். இத்தனை வருஷம் அந்த வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறேன், ஒரு நாள்கூட அதைக் கண்டதில்லை. அடுத்த நாள் ஒரு கதவு விளிம்பை மடியில் வைத்து உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தேன். துணியில் நேர் எது குறுக்கு எது என்று பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பவளுக்கு மரத்திலும் அது உண்டு என்று தோன்றவில்லை பார், பாத்திரம் விளக்குவதுபோல வட்டம் வட்டமாகவும் குறுக்கும் மறுக்குமாகவும் தேய்த்தேன். அப்போது பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அப்பா இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முகம் சிவந்திருக்கிறது. மறுபடியும் ஏதோ வந்துவிட்டது என்று நான் கட்டையைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். அவர் உதட்டைக் கூட்டி, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, "குறுக்கால... தேய்க்காத" என்றார். மூன்று மாதமாக ஒரு சொல்லும் பேசாத மனுஷன் சொன்ன முதல் வாக்கியம் எனக்குத் திட்டு. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை, இடது கையை நீட்டி அந்த உப்புத்தாளைக் கேட்டார்.

அன்று முதல் அது எங்கள் இரண்டு பேர் வேலையாகிவிட்டது. அவர் மடியில் ஒரு பலகையை வைத்து, அதன்மேல் மரத்துண்டை நான் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். முதலில் இடது கையால் தேய்த்தார். ஒரு வாரம் போனபிறகு நான் உப்புத்தாளை ஒரு சின்னக் கட்டையில் சுற்றி அவருடைய வலது கையில் வைத்து, என் தலைமுடி ரிப்பனால் விரல்களோடு சேர்த்துக் கட்டினேன். முறைத்தார். ஆனால் அவிழ்க்கவில்லை. ஒரு சாண் தூரம் அந்தக் கை போய் வருவதற்குள் நெற்றியில் வேர்வை கொட்டும். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் அக்டோபரில் பார்த்துவிட்டு, இவருக்கு வீட்டில் என்ன செய்கிறீர்கள், விரல் மடங்குகிறதே என்று கேட்டாள். கார் கட்டை தேய்க்கிறார் என்றேன். அவள் சிரித்துவிட்டு அதையே தொடரச் சொன்னாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தப்பு நடந்தது. முன்பக்க அறையின் மூடி, பதினோரு துண்டிலும் அதுதான் அழகு, எல்லார் கண்ணும் முதலில் அதில்தான் விழும். அதை மட்டும் தானே தனியாகச் செய்வேன் என்று சைகை காட்டினார். நான் சோறு வடிக்க உள்ளே போனேன். வலது கைக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரிவதில்லை அல்லவா, ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தித் தேய்த்திருக்கிறார். வந்து பார்த்தால் மூடியின் ஒரு மூலையில் ஒரு ரூபாய் காசு அகலத்துக்கு மேல்மரம் போய், அடியிலிருந்த வெள்ளைப் பலகை பல்லைக் காட்டுகிறது. கண்ணையன் சொன்ன அப்பளம் போய்விட்டது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையில் கட்டியிருந்த ரிப்பனைப் பல்லால் கடித்து அவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்ப் படுத்துவிட்டார். நாலு நாள் பிரபு. கஞ்சியைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நீ போன் பண்ணினபோது அப்பா தூங்குகிறார் என்று சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா, அவர் தூங்கவில்லை, கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்மேலேயே ஆத்திரம். சும்மா உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு ஆசையைக் காட்டிக் கெடுத்துவிட்டேனே, உன் பேச்சைக் கேட்டு வண்டியை இருந்தபடியே தள்ளிவிட்டிருக்கலாமே என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் அந்த மூடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி விழுப்புரம் போனேன். பிளைவுட் கடைகளில் மேலே ஒட்டுகிற மெல்லிய மரத்தகட்டுக்கு மாதிரித் துண்டுகள் வைத்திருப்பார்கள் என்று கண்ணையன் சொல்லியிருந்தார். மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைக்காரர் ஒரு கட்டு மாதிரித் துண்டுகளை என் முன்னால் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி தேடுகிறவள் மாதிரி ஒவ்வொன்றையும் மூடியின்மேல் வைத்து வைத்துப் பார்த்து, கோடு ஒத்துப்போகிற ஒரு துண்டைக் கண்டுபிடித்தேன். வீட்டுக்கு வந்ததும் சதுரமாக வெட்டி ஒட்டவில்லை. கட்டம் போட்ட துணியில் பாக்கெட் வைக்கும்போது கட்டத்தோடு கட்டம் சேர்ப்போமே, அதுபோல மரத்தின் கோடு எப்படி வளைகிறதோ அப்படியே காகிதத்தில் அச்செடுத்து, பிளேடால் வெட்டி, ஓட்டையின் ஓரத்தையும் அதே வளைவுக்குச் சரிசெய்து, பசை தடவி வைத்து, மேலே இஸ்திரிப்பெட்டியைப் பாரமாக ஏற்றினேன். மறுநாள் மெதுவாகத் தேய்த்து, சாயம் தொட்டு நிறம் சேர்த்து, அவர் படுக்கையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் வெகுநேரம் கழித்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒட்டின இடத்தில் விரலை வைத்து, "தெரியுது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பரவால்ல" என்றார். பிறகு வலது கையை நீட்டினார், ரிப்பனைக் கட்டச் சொல்லி.

அப்புறம் வார்னிஷ். அதை ஒரே தடவையில் கெட்டியாக அடிக்கக்கூடாது, மெல்லிசாக ஒரு பூச்சு, ஒரு நாள் காயவேண்டும், சோப்புத் தண்ணீரில் நனைத்த நைஸ் தாளால் லேசாக நீவவேண்டும், மறுபடி ஒரு பூச்சு. இரண்டு பூச்சு ஆனது, மழை பிடித்துக்கொண்டது. நவம்பர் மழை இந்தத் தடவை எப்படிப் பெய்தது என்று டிவியில் பார்த்திருப்பாய். ஈரக்காற்றில் பூசினது எல்லாம் பால் கலந்ததுபோல வெளுத்துவிட்டது. கண்ணையன் வந்து பார்த்து, "ஒண்ணும் ஆவல டீச்சர், காத்துல ஈரம் போற வரைக்கும் கை வெக்காதீங்க" என்றார். அதனால் ஒரு மாதம் வேலை நின்றது. ஒரு நாள் மழை விட்ட நேரத்தில், முன்பலகைக்குப் பின்னால் விழுந்துவிட்ட ஒரு ஸ்க்ரூவை எடுப்பதற்காக டிரைவர் சீட்டில் உட்கார்ந்து துழாவிக்கொண்டிருந்தேன். அப்பா மெதுவாக நடந்துவந்து, இடதுபக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பக்கவாதம் வந்த பிறகு அவர் அந்த வண்டிக்குள் ஏறினது அன்றுதான். உட்கார்ந்து "ஓட்டு" என்றார். எனக்கு ஓட்டை என்று காதில் விழுந்தது, தரையில் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டதோ என்று காலடியில் குனிந்து தேடினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, என் கையைப் பிடித்து ஸ்டியரிங்மேல் வைத்து, "நீ... ஓட்டு" என்றார். எனக்கு ஐம்பத்து மூன்று வயது, சைக்கிள்கூட ஓட்டினவள் இல்லை, உங்களுக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன். அவர் என் கையை எடுக்கவிடவில்லை.

ஒவ்வொரு தடவையும் விழுப்புரத்துக்குப் பயிற்சிக்குப் போகப் பஸ் படியில் அவரை ஏற்ற நான் படுகிற பாடும், பின்னால் நிற்பவர்கள் ஜல்தி ஜல்தி என்பதும், அவர் தலை குனிந்துகொள்வதும் எனக்குத்தான் தெரியும். மறுவாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கலைப்பிரியா என்று ஒரு பெண் சொல்லிக்கொடுக்கிறாள், நம் மெர்லின் வயதுதான் இருக்கும், மயிலம் பக்கம் விவசாயக் குடும்பம். முதல் நாள் நான் வண்டியை ஒரு வைக்கோல் போருக்குள் விட்டேன். "பயப்படாதீங்க டீச்சர், போரு தானே, மாடு இல்லியே" என்றாள். ஜனவரி பத்தாம் தேதி லைசென்ஸ் வந்தது. உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் நீ வேண்டாம் என்பாய், நீ வேண்டாம் என்றால் எனக்குத் தைரியம் போய்விடும். டிசம்பர் கடைசியில் காற்று காய்ந்தது, வெளுத்த பூச்சை நீவி எடுத்துவிட்டு மறுபடி அடித்தோம். மொத்தம் ஏழு பூச்சு. கடைசியில் பாலிஷ் பசை போட்டுத் துணியால் தேய்த்தது முழுவதும் அப்பாவின் வலது கை, ரிப்பன் கட்டாமல். பொங்கலுக்கு முந்தின நாள் பதினோரு துண்டையும் திரும்பப் பொருத்தினோம், நான் பிடிக்க அவர் ஸ்க்ரூ முடுக்கினார். வண்டிக்குள் வெயில் விழுந்தபோது எங்கள் இரண்டு பேர் முகமும் அந்த மரத்தில் தெரிந்தது.

இருபத்தோராம் தேதி ராஜாமணி அந்தப் புதுச்சேரிப் பெரியவரை அழைத்துவந்தார். நல்ல மனுஷர், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வண்டிக்குள் ஏறினார். ஒவ்வொரு துண்டையும் விரலால் தடவினார், அந்த மூடியிலும் ஒட்டு இருந்த இடத்தில் விரல் நின்றது. இறங்கி அப்பாவிடம், இது யார் செய்த வேலை என்று கேட்டார். ராஜாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தார், பெரியவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவுக்கு வேர்த்தது. "நாங்க" என்றார். மூச்சு வாங்கி, என்னைக் காட்டி, "நாங்க... பண்ணோம்" என்றார். அதுவரை நான் விற்பதாகத்தான் இருந்தேன் பிரபு, சத்தியமாகச் சொல்கிறேன், சாவி என் கையில்தான் இருந்தது, கொடுக்கத்தான் எடுத்துவந்தேன். அந்த வார்த்தையைக் கேட்டபிறகு கை நீளவில்லை. மன்னிச்சிக்கோங்க, இது விக்கறதுக்கு இல்லைங்க என்று சொல்லிவிட்டேன். ராஜாமணிக்கு வந்ததே கோபம், "இன்னா டீச்சரம்மா, அவ்ளோ தூரத்துலருந்து பெரிய மனுஷர கூட்டிக்கினு வந்தா இப்டி பேஜாரு பண்றீங்க" என்றார். பெரியவர் மட்டும் சிரித்தார், "எனக்கு உள்ள ஏறினப்பவே தெரிஞ்சிபோச்சும்மா" என்று சொல்லி, ஒரு டம்ளர் மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். உன் சிநேகிதனுக்கு உன்னால் முகம் காட்ட முடியாமல் போகும், பழியை என்மேல் போட்டுவிடு, அம்மா பிடிவாதக்காரி என்று சொல், அது பொய்யில்லை.

போன வியாழக்கிழமை நானே ஓட்டிக்கொண்டு அப்பாவை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கலைப்பிரியா துணைக்குப் பின்சீட்டில் உட்கார்ந்துவந்தாள். ஸ்டியரிங் கல் மாதிரி கனம், லாரிகள் ஒதுங்கச் சொல்லிப் பின்னாலேயே அலறிக்கொண்டு வந்தன, நான் நாற்பதுக்கு மேல் போகவில்லை. போய்ச் சேர்வதற்குள் அப்பா பத்தொன்பது வார்த்தை பேசினார் என்று கலைப்பிரியா எண்ணிச் சொன்னாள், அதில் பதினெட்டு என் ஓட்டுதலைப் பற்றின திட்டு. மீதி ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினபோது சொன்னது, "போதும்" என்றார், ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார். பேச்சு பழையபடி முழுவதும் வரும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை, வலது கால் இன்னும் இழுக்கிறது, அதையும் உனக்கு மறைக்கமாட்டேன். ஆனாலும் காலையில் எழுந்ததும் அவர் நாற்காலியை எந்தப் பக்கம் போடுவது என்று இப்போது நான் கேட்பதில்லை.

நீயும் மெர்லினும் நீண்ட ஆயுசோடும் சமாதானத்தோடும் இருக்க இயேசுவும் மாதாவும் துணையிருப்பார்கள். வேளைக்குச் சாப்பிடு, வேலை முடிந்து வந்ததும் உடனே குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மார்ச் முதல் வெள்ளிக்கிழமை நீ போன் பண்ணும்போது எடுப்பது நானாக இருக்கமாட்டேன். மறுமுனையில் சத்தமே இல்லையே என்று லைன் போய்விட்டதாக நினைத்து வைத்துவிடாதே, அப்பா அப்பா என்று நீ முந்திக்கொண்டு பேசவும் பேசாதே. உன் பேரைச் சொல்லிக் கூப்பிடவேண்டும் என்று பத்து நாளாகத் தனியாக உட்கார்ந்து பழகுகிறார். அந்தோணி அவருக்கு வந்துவிட்டது, பிரபுதான் நாக்கில் இன்னும் நிற்கமாட்டேன் என்கிறது. எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திரு.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அம்மா
சூசை மேரி